கோளரங்கமும் ஒரு தரைச்சக்கரமும்

1970-களில் நம் கல்லூரிப் பொருட்காட்சியில் எங்கள் இயற்பியல் வகுப்பு ‘விண்வெளி அரங்கம்’ போட்டது சிலருக்கு நினைவிருக்கலாம். மூங்கில் கூண்டின்மேல் கறுப்புத் துணி போர்த்தி, நட்சத்திரங்களுக்காகத் துளையிட்டு, கூண்டையே சுற்ற வைக்கத் திட்டமிட்டோம். சிவகாசிப் பக்கமிருந்து வந்த, பட்டாசுத் தொழிலாளி வீட்டு நண்பன் மட்டும், “தரைச்சக்கரம் விட்டா வெளிச்சம்தானடா சுத்துது, வீட்டுச் சுவரா சுத்துது? நடுவுல விளக்கைச் சுத்துங்க” என்றான். “பட்டாசுக்காரன் பேச்சைப் பாரு” என்று சிரித்தோம். திறப்பு விழாவன்று கூண்டு அரைச் சுற்றில் சிக்கி நின்றுவிட்டது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறே உண்டு என்பது பின்னாளில்தான் தெரிந்தது. 1913-இல் சிகாகோவில் வாலஸ் அட்வுட் 15 அடி விட்டமுள்ள தகட்டுக் கோளம் ஒன்றை அமைத்தார். பார்வையாளர் உள்ளே இருக்க, கோளம் மோட்டாரால் சுழலும். துளை வழியே வரும் வெளிச்சமே நட்சத்திரம். ஆனால் அதற்குள் சிலர்தான் இருக்க முடியும். பெரிதாகக் கட்டினால் எடை கூடும், சுற்றுவது கடினம்.

ம்யூனிக் நகரின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்துக்காக ஆஸ்கர் ஃபான் மில்லர் இதைக் கேட்டபோது, ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனப் பொறியாளர் வால்தர் பாவர்ஸ்ஃபெல்ட் 1919-இல் யோசனையைத் தலைகீழாக்கினார். குவிமாடம் அசையாமல் நிற்கட்டும். நடுவிலுள்ள ஒளிக்கருவி சுழலட்டும்! சூரியன், சந்திரன், கோள்களின் ஓட்டத்துக்குத் தனித்தனிப் பல்சக்கரங்கள் வைத்தார். ஓராண்டு ஓட்டத்தைச் சில நிமிடங்களில் காட்ட முடிந்தது. 1923-இல் ம்யூனிக்கில் அந்தக் கருவி வானத்தைக் காட்டியது.

நம் ஊர்ப் பெரியவர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் தீப்பெட்டித் தொழில் கற்கப் போன கல்கத்தாவில், 1963-இல் சாஞ்சி ஸ்தூப வடிவில் பிர்லா கோளரங்கம் எழுந்தது. சென்னை கோட்டூர்புரத்தில், பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில், 1988-இல் இன்னொன்று வந்தது.

அங்கே ஒருமுறை பிள்ளைகளோடு போயிருந்தேன். விளக்கு அணைந்தது. மாடம் அசையவில்லை, நட்சத்திரங்கள் நகர்ந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அவன் குரல் கேட்டது.

இறுதியாண்டுக்கு முன்பே குடும்பக் கஷ்டத்தால் அவன் படிப்பை விட்டுவிட்டான். அதனால் அவன் பெயர் நம் சங்கப் பட்டியலில் இல்லை. இந்த மலர் எப்படியாவது அவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

நீ சொன்னதுதான் சரி, மாப்ள. அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னித்துக்கொள்.