சிதம்பரம் மக்களவைத் தொகுதி: தேர்தல் மோதல்களின் வரலாறு

கடலூர், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் பரவிய தனித்தொகுதி சிதம்பரம். அண்ணாமலை நகர் பேரூராட்சியும் இதற்குள்தான் இருக்கிறது. எண்ணிக்கையில் பெரிய இரு சமூகங்கள் வன்னியரும் பட்டியல் சமூகத்தவரும். ஊரும் பட்டியல் சமூகத்தவர் வாழும் காலனியும் தனித்தனியே அமைந்த கிராமங்களே இங்கு அதிகம்.

தீண்டாமை குறித்து 1969இல் அறிக்கை அளித்த குழுவின் தலைவர் எல். இளையபெருமாள் 1957இல் இங்கு வென்றவர். 1989இல் வன்னியர் சங்கத்திலிருந்து பாட்டாளி மக்கள் கட்சி (பாமக) உருவானபின் போட்டியின் தன்மை மாறியது. தனித்தொகுதியில் வேட்பாளர் பட்டியல் சமூகத்தவராக இருக்க வேண்டும், வாக்களிப்பவரோ அனைவரும். 1932 பூனா ஒப்பந்தத்தின் வழி வந்த ஏற்பாடு இது. ஆகவே 1998இல் தலித் எழில்மலையும், 1999, 2004 தேர்தல்களில் இ. பொன்னுசாமியும் பாமக சார்பில் வெல்ல முடிந்தது.

அதுவரை தேர்தலைப் புறக்கணித்துவந்த தலித் இயக்கமான விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் அணியில் சேர, அதன் தலைவர் தொல். திருமாவளவன் களமிறங்கினார். அந்த வாக்குப்பதிவு நாளை இத்தொகுதி மறக்கக் கூடாது. காலனி மக்கள் பல கிராமங்களில் வாக்களிக்க விடாமல் தடுக்கப்பட்டனர், தாக்கப்பட்டனர், குடிசைகள் எரிந்தன. அத்தனைக்கும் நடுவே திருமாவளவனுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் வாக்குகள் விழுந்தன. 2004இலும் அவர் தோற்றார். திமுக கூட்டணியில் நின்று 2009இல் வென்றார். 2014இல் அதிமுகவின் மா. சந்திரகாசியிடம் இழந்தார்.

1999இன் வன்முறையை வேறொரு நாட்டின் தேர்தல் மோதலோடு ஒப்பிடலாம். கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அங்கே தகராறு வாக்கு எண்ணிக்கையில் வெடித்து இனக்கலவரமானது. சிதம்பரத்தில் அதற்கு முந்தைய கட்டத்திலேயே, வாக்குச்சாவடிக்குப் போகும் வழியிலேயே, மோதல் மூண்டது. இதுவே கொடியது: எண்ணிக்கையில் பிழையென்றால் வழக்காடலாம், போடவிடாத வாக்கை எப்படி எண்ணுவது?

2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் காலனி வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன; மறுவாக்குப்பதிவு கேட்டுக் குரல் எழுந்தது. பானைச் சின்னத்தில் நின்ற திருமாவளவன் அம்முறை 3,219 வாக்குகளில் வென்றார். எந்தச் சமூகத்தின் வாக்கை மட்டும் நம்பியும் இங்கு கரையேற முடியாது என்பதை இந்த வித்தியாசம் காட்டியது. 2024இல் அதிமுகவின் மா. சந்திரகாசனை அவர் முந்திய வாக்குகள் 1,03,554.