கூடு விட்டுக் கூடு

திருமூலர் கதை நமக்குத் தெரிந்ததுதான். மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. மனம் பொறுக்காத சித்தர் அவன் உடலுக்குள் புகுந்து அவற்றை வீடு சேர்க்கிறார். மூலனின் மனைவி ஆசையோடு அருகில் வந்தால், தமக்கும் அவளுக்கும் உறவில்லை என்று விலகிக்கொள்கிறார். சிறு வயதில் இதைக் கேட்டபோது என் அனுதாபமெல்லாம் அந்தப் பெண்ணிடம்தான். முகம் புருஷனுடைய முகம். உள்ளே இருப்பவருக்கோ அவளைத் தெரியவில்லை!

அமெரிக்காவில் பழைய பிக்-அப் வண்டிகளுக்குப் புது எஞ்சின் மாற்றும் சரித்திரத்தைப் படித்தபோது அவள் நினைவு வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எஞ்சின் மாற்றுவது அந்த நாட்டு இளைஞர்களுக்கு வெகு நாளைய பழக்கம். 1932-ல் ஃபோர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் எஞ்சினை மலிவான காரில் வைத்து விற்றது. கொஞ்ச காலத்தில் அது பழைய இரும்புக் கடைகளுக்கும், அங்கிருந்து இவர்கள் கைக்கும் வந்தது. 1955-ல் ஷெவர்லே 265 கன அங்குல எஞ்சினைக் கொண்டுவந்தது. சிறிய உருவம், குறைந்த எடை. ஃபோர்டு வண்டிக்குள்ளேயே அது குடி புகுந்தது. தாங்கிகளை வெட்டிப் பற்றவைத்து, பெட்ரோல் குழாயை மாட்டி, பாட்டரிக் கம்பியை இணைத்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. தான் யார் வீட்டில் இருக்கிறோம் என்ற கவலை கார்புரேட்டருக்கு ஏது?

1957-ல் ஷெவர்லே, கார்வெட் காரில் பெட்ரோலைப் பீச்சும் முறையைப் புகுத்தியது. 283 கன அங்குலத்துக்கு 283 குதிரைத் திறன் என்று பெருமையாக விளம்பரம் செய்தது. ஆனால் அதுவும் இயந்திர வித்தைதான், மூளை கிடையாது. 1965-ஓடு கார்வெட்டில் அது நின்றது.

பிறகு அந்த முறையைத் திரும்ப அழைத்துவந்தது வேக மோகமல்ல, புகை. 1970-ன் காற்றுத் தூய்மைச் சட்டத்துக்குப் பின் கெடுபிடி ஏறிக்கொண்டே போயிற்று. புகைக் குழாயில் மிஞ்சும் பிராணவாயுவை அளந்து, கணத்துக்குக் கணம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. அன்றிலிருந்து எஞ்சின் தனி ஆள் அல்ல.

1999 முதல் ஷெவர்லே பிக்-அப்களில் வந்த 5.3 லிட்டர் எஞ்சினை 1967-72 காலத்து வண்டியில் வைக்க இன்று பலர் முயல்கிறார்கள். இரும்பு வேலை எளிது. பெட்ரோல்தான் முதல் தகராறு. பழைய பம்பு சதுர அங்குலத்துக்கு 5, 6 பவுண்டு அழுத்தம் கொடுத்தால் போதும். புது எஞ்சின் சுமார் 58 பவுண்டு கேட்கிறது. பழைய வண்டியில் தொட்டி எங்கே தெரியுமா? ஓட்டுகிறவனின் ஆசனத்துக்குப் பின்னாலேயே! அதை வண்டியின் பின்புறச் சட்டத்துக்கு மாற்றிவிடுகிறவர்கள் புத்திசாலிகள் என்பேன்.

எல்லாம் பொருத்தி, கம்பிக் கற்றையைப் பிரித்து இணைத்துச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் உறுமிவிட்டு ஓரிரு விநாடியில் அடங்கிவிடும். பழுது ஒன்றுமில்லை. திருடர்களுக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு அது. பழைய வண்டியின் பூட்டிலிருந்து வரவேண்டிய அடையாளத்தைக் கம்ப்யூட்டர் எதிர்பார்க்கிறது. இந்தச் சாவி யாருடையது என்று அதற்குத் தெரியவில்லை.

மெக்கானிக் கம்ப்யூட்டரின் நினைவிலிருந்து அந்த ஒரு கேள்வியை மட்டும் அழிக்கிறான். மறுபடி திருப்புகிறான். அதே துவாரம், ஐம்பது வருஷத்துத் தேய்ந்த சாவி. இம்முறை எஞ்சின் நிற்கவில்லை.