காருக்குள் குளிர்காற்று: மறைக்கப்பட்ட ஒரு விலையின் வரலாறு

கார்க் கண்ணாடிகளை உயர்த்திவிட்டுக் குளிரூட்டியை முடுக்கினால் உள்ளே வீசும் காற்று இலவசமானது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. வீட்டில் குளிரூட்டி பொருத்தினால் மாத முடிவில் மின்சாரப் பட்டியல் வந்து உண்மையைச் சொல்லிவிடும். காருக்கு அப்படியொரு பட்டியல் வருவதில்லை. ஓடிய தூரத்துக்கான பெற்றோலும் குளிர்ந்த காற்றுக்கான பெற்றோலும் ஒரே தாங்கியிலிருந்து ஒரே கணக்கில் போய்விடுகின்றன. இந்த விலை எவ்வாறு கண்ணுக்கு மறைந்தது, எப்போதெல்லாம் வெளிப்பட்டது என்பதை வரலாற்றின் வழியே நோக்குவது பயனுடையது.

குளிரூட்டி வருவதற்கு முன்னர் கார்கள் காற்றையே நம்பியிருந்தன. நான் பத்திரிகைத் தொழிலில் காலடி வைத்த நாட்களில் இலங்கைத் தெருக்களில் ஓடிய மொரிஸ் மைனர் போன்ற கார்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முன்கதவின் மூலையில் சிறியதொரு முக்கோணக் கண்ணாடி இருக்கும். அதைச் சற்றே திருப்பிவிட்டால் ஓடும் வேகத்தில் வரும் காற்று நேரே மார்பில் வந்து மோதும். அமெரிக்காவின் பாலைவன மாநிலங்களில் வேறோர் உபாயம் இருந்தது. கதவுக் கண்ணாடியில் ஓர் உருளையைப் பொருத்தி அதில் நீர் நிரப்புவார்கள். அதனூடாக நுழையும் காற்று நீரை ஆவியாக்கித் தான் குளிரும். வறண்ட நாட்டில் பலித்த இந்த வித்தை கொழும்பின் ஈரக்காற்றில் புழுக்கத்தையே தந்திருக்கும்.

இயந்திரக் குளிரூட்டியை முதலில் காரில் பொருத்தி விற்றது அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம். 1939 நவம்பரில் சிக்காகோ கண்காட்சியில் அது அறிமுகமாயிற்று. குளிரூட்டிக்கு மட்டும் 274 டொலர். பின்புறப் பெட்டியறையின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொண்டது. அதை நிறுத்தும் வழிதான் வேடிக்கையானது. எஞ்சினை அணைத்து, இறங்கி, முன்மூடியைத் திறந்து, அமுக்கியைச் சுழற்றும் பட்டியைக் கையால் கழற்றவேண்டும். அந்தக் காரின் உரிமையாளருக்குக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதில் ஐயமே இருந்திருக்காது. எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கைப் பிடுங்கும் பட்டியை அவர் கையாலேயே தொட்டார்.

1950களில் மின்காந்தக் கிளச் வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் அமுக்கி இயங்கும், மீண்டும் அழுத்தினால் நிற்கும். 1954இல் நாஷ் நிறுவனம் முழுத் தொகுதியையும் காரின் முன்பகுதிக்குள் அடக்கிவிட்டது. 1969 அளவில் அமெரிக்காவில் விற்கப்பட்ட புதிய கார்களில் பாதிக்கு மேற்பட்டவை குளிரூட்டப்பட்டவை. பட்டி மறைந்தது, அதனோடு விலையும் மறைந்தது.

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டொலரிலிருந்து சில மாதங்களில் 12 டொலரை நெருங்கியது. அதன்பின்னரே ஒரு கலன் எரிபொருளில் கார் எத்தனை மைல் ஓடும் என்பதை அமெரிக்க அரசு சோதித்து விற்பனைக் காரிலேயே ஒட்டச் செய்தது. ஆனால் அந்தச் சோதனையில் குளிரூட்டி இயக்கப்படவில்லை. குளிரூட்டியை இயக்கிப் பார்க்கும் சோதனை 2008ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் கணக்கில் சேர்ந்தது. கடும் வெப்பத்தில், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், எரிபொருள் சிக்கனம் 25 வீதத்துக்கு மேலும் குறையலாம் என்று அந்நாட்டு அரசே இன்று எச்சரிக்கிறது. ஐரோப்பாவில் 2017இல் நடைமுறைக்கு வந்த புதிய சோதனைமுறையிலும் குளிரூட்டி அணைந்தே இருக்கிறது.

இலங்கைக்கு இந்த வசதி பரவலாக வந்தது 1977இல் திறந்த பொருளாதாரம் அறிமுகமாகி, ஜப்பானியக் கார்கள் குவிந்த பின்னர்தான். ஆனால் நாட்டின் ஒரு பகுதி அந்தச் சொகுசை நினைத்தும் பார்க்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டது. பழைய பிரித்தானியக் கார்களே அங்கு கைகொடுத்தன. அவற்றின் எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு என்பதால் மண்ணெண்ணெயையும் ஏற்றன. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோலைத் துளியாக எண்ணிய மக்களுக்கு முக்கோணக் கண்ணாடியே போதுமாக இருந்தது.

அந்த அருமை 2022இல் முழு நாட்டுக்கும் தெரியவந்தது. அவ்வாண்டு யூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவை எட்டியது. நாட்கணக்கில் நீண்ட வரிசைகளில் காத்திருந்தே உயிர்விட்டவர்களும் உண்டு. யூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கிடப்பட்டது. 2023 செப்ரெம்பர் முதலாம் திகதி அம்முறை கைவிடப்படும்வரை, பக்கார்ட் உரிமையாளரின் கையில் இருந்த அந்தப் பட்டி நம் கைக்கும் வந்திருந்தது. வரிசைகளில் நின்ற கார்களை நான் பார்த்திருக்கிறேன். உச்சிவெயிலிலும் கதவுகள் திறந்தே கிடந்தன. குளிரூட்டியை இயக்க எவரும் துணியவில்லை.

அக்காலம் கற்பித்தவற்றை மறக்கலாகாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். குளிரூட்டியின் சுமையோ வேகத்தை விட வெயிலையே பொறுத்தது. ஆகவே நகருக்குள் மெதுவாகச் செல்கையில் கண்ணாடியைத் திறப்பதே சிக்கனம். 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதை போன்றவற்றில் அந்த இலாபம் சுருங்கிவிடும். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் சில நிமிடம் கண்ணாடிகளைத் திறந்து ஓடி வெப்பத்தை வெளியேற்றியபின் குளிரூட்டியை இயக்கி, உட்காற்றையே சுழலவிடலாம். நிழலில் நிறுத்துவது இவை எல்லாவற்றிலும் மேலானது. நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட்டுக் குளிரில் அமர்ந்திருப்பதோ ஓர் அங்குலமும் நகராமல் எரிபொருளை எரிப்பதாகும்.

குளிரூட்டியைத் துறக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. முதியோருக்கும் நோயாளருக்கும் அது சொகுசு அல்ல, தேவை. ஆயினும் வாரம் முழுவதும் 5 லீற்றரில் ஒரு குடும்பத்தின் சோற்றைத் தேடிய முச்சக்கரவண்டிச் சாரதிகள் இந்நாட்டில் இருந்தார்கள். பொத்தானை அழுத்தும் விரல் அவர்களை நினைவிற் கொள்ளட்டும்.