ஆங்காக் அரிசி: நிறம் வேறு, மருந்து வேறு



'நுண்ணுயிர் நிறமிகளின் மருத்துவப் பயன்கள்' என்று கரும்பலகையில் எழுதினாலே வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் இந்த முறை பாடத்தைப் பினாங்கிலிருந்து தொடங்குவோம். ஜார்ஜ்டவுன் பக்கம் போனால் ஒரு சீன மருந்துக் கடையில் "ஆங்காக் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கருஞ்சிவப்பான அரிசி மணிகளைக் காட்டுவார்கள். அது சாயத்தில் நனைத்த அரிசி இல்லீங்க, பூஞ்சை வளர்ந்து சிவந்த அரிசி.

துறைமுகத்தோடு வந்த பழக்கம்

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதால் பல நாட்டு வணிகர்களும் தொழிலாளர்களும் வந்து குவிந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய நம்மவர்கள் இறங்கிய அதே கரையில்தான் சீனாவின் ஃபூஜியன் பகுதியைச் சேர்ந்த ஹொக்கியன் மக்களும் இறங்கினார்கள்.

'ஆங்' என்றால் ஹொக்கியன் மொழியில் சிவப்பு. ஃபூஜியன் ஆங்காக் தயாரிப்புக்குப் பெயர்போன பகுதி. அரிசியை வேகவைத்து, பழைய ஆங்காக்கில் கொஞ்சம் சேர்த்து, ஈரமும் வெதுவெதுப்பும் குறையாமல் சில நாள் வைப்பார்கள். பூஞ்சை உள்ளே இறங்கி மணி முழுவதும் சிவந்துவிடும். நாம் மோரை உறை ஊற்றுவதுபோல என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரியும். மது காய்ச்சவும், இறைச்சிக்கு நிறம் ஏற்றவும் இதைப் பயன்படுத்தினார்கள். 1596இல் அச்சான லீ ஷிஜென்னின் மருத்துவ நூலும் செரிமானத்துக்கும் இரத்த ஓட்டத்துக்கும் உதவும் மருந்தாக இதைக் குறிப்பிடுகிறது.

அறிவியல் வைத்த பெயர்

1895இல் டச்சுத் தாவரவியலாளர் வென்ட், ஜாவாவில் கிடைத்த ஆங்காக்கை ஆராய்ந்து, அதிலுள்ள பூஞ்சைக்கு மொனாஸ்கஸ் பர்ப்பூரியஸ் என்று பெயரிட்டார். கடைகளில் 'சிவப்பு ஈஸ்ட் அரிசி' என்று சொன்னாலும் இது ஈஸ்ட் அல்ல, இழைப் பூஞ்சை. தேர்வில் இந்த இடத்தில் சறுக்கிவிடாதீர்கள்.

இந்தப் பூஞ்சை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூவகை நிறமிகளை உண்டாக்குகிறது. மஞ்சள் நிறமி ஒன்றின் பெயர் அங்காஃபிளேவின். நம் கடை அரிசியின் பெயர் அதற்குள் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள்.

எண்டோவின் தேடல்

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1971 முதல் சுமார் 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதற்கு ஒரு நொதி தேவை. அந்த நொதியைத் தடுக்கும் பொருள் ஏதாவது பூஞ்சையில் இருக்குமா என்பதே அவர் கேள்வி. முதலில் பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையிலிருந்து காம்பாக்டின் கிடைத்தது. 1979இல் மொனாஸ்கஸ் பூஞ்சையிலிருந்து மொனாகோலின் கே என்ற பொருளையும் அறிவித்தார். அமெரிக்க நிறுவனம் ஒன்று வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாட்டினும் இதுவும் ஒரே பொருள்தான் என்று பின்னர் தெரிந்தது. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டினே விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் மருந்து.

இங்கேதான் குழப்பம்

"அப்போ சிவப்பு நிறம்தான் கொலஸ்ட்ராலைக் குறைக்குதா, சார்?" என்று மாணவர் கேட்பார். இல்லை. மொனாகோலின் கே நிறமற்ற பொருள். அதையும் நிறமியையும் ஒரே பூஞ்சை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். நல்ல சிவப்பாக இருக்கும் ஆங்காக்கில் மருந்து மிகக் குறைவாக இருக்கலாம். நிறத்தை வைத்து மருந்தின் அளவைச் சொல்ல முடியாது.

நிறமியே மருந்தாகும் சான்றுகளும் உண்டு. 1940இல் வாக்ஸ்மனும் உட்ரஃபும் மண் நுண்ணுயிரிலிருந்து பிரித்த ஆக்டினோமைசின் செம்மஞ்சள் நிறம் கொண்டது. அதன் ஒரு வகை குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. இத்தாலிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் தந்த டானோரூபிசின் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. மாணிக்கச் சிவப்பு என்பதால்தான் பெயரில் 'ரூபி'. இவற்றில் நிறம் தரும் மூலக்கூறே நோயோடும் போராடுகிறது. ஆங்காக்கில் அப்படி இல்லை. இந்த வேறுபாட்டை எழுதத் தெரிந்தால் விடை முழுமையாகும்.

மூன்றாவது பொருள்

சில மொனாஸ்கஸ் வகைகள் சிட்ரினின் என்ற நச்சையும் உண்டாக்குகின்றன. அது சிறுநீரகத்தைத் தாக்கும். மொனாஸ்கஸில் முன்பே கண்ட மொனாசிடின் ஏ என்ற பொருள் உண்மையில் சிட்ரினின்தான் என்று 1995இல் உறுதியாயிற்று. ஆக, ஒரே அரிசி மணியில் நிறம், மருந்து, நஞ்சு மூன்றும் இருக்கக்கூடும். பூஞ்சை வகையும் வளர்க்கும் முறையுமே எது எவ்வளவு என்பதை முடிவு செய்கின்றன.

2024இல் ஜப்பானில் சிவப்பு அரிசி மாத்திரை சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அங்கே குற்றவாளி சிட்ரினின் அல்ல. தயாரிப்பின்போது புகுந்த வேறொரு பூஞ்சை உண்டாக்கிய பியூபெருலிக் அமிலம் என்று விசாரணையில் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்பே, 2022இல், இத்தகைய மாத்திரைகளில் மொனாகோலின் நாளொன்றுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என விதித்திருந்தது.

இது பாடத்தோடு முடிகிற விஷயம் இல்லை. உங்கள் வீட்டில் தாத்தாவோ அம்மாவோ டாக்டர் தந்த ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடலாம். "இயற்கைதானே, ஒன்னும் ஆகாது" என்று ஆங்காக் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே வகை மருந்து இரட்டிப்பாகிவிடும். தசை வலியில் தொடங்கி, தசைச் சிதைவு வரை போகலாம். டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்கக் கூடாது என்று வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களே, பாடம் முடிந்ததும் ஒரு பிடி ஆங்காக்கை மேசைமேல் வைத்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "கண்ணுக்குத் தெரிவது எது? தெரியாதவை எவை?" நிறமியின் பெயரோடு மருந்தையும் நஞ்சையும் சேர்த்து எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.