வைரம்போல் ஒரு சொல்

நம் லேத் பட்டறைகளில் ‘விடியா’ என்றொரு சொல் நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. இரும்பை வெட்டும் கடினமான கருவிமுனைக்கு அது பெயர். கேட்பவர்க்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் போலத் தோன்றும். உண்மையில் அது ஜெர்மானியச் சொல். ‘வைரம்போல்’ என்று பொருள்படும் இரு சொற்களின் சுருக்கம்.

அச்சொல்லின் வரலாறு ஒரு துளையிலிருந்து தொடங்குகிறது. மின்விளக்குக்கான டங்ஸ்டன் இழையை, வைரத்தில் இட்ட நுண்துளை வழியே இழுத்து மெலியச் செய்வது வழக்கம். வைரமோ விலைமிக்கது. அதற்கு மாற்றுத் தேடிய ஆஸ்ராம் நிறுவனத்தின் கார்ல் ஷ்ரோட்டர், 1923இல் டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட்டுடன் சேர்த்து அழுத்திச் சுட்டுப் புதியதொரு பொருளை ஆக்கினார். க்ருப் நிறுவனம் அதனை 1920களின் பிற்பகுதியில் ‘விடியா’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1960களில் பெங்களூரில் விடியா நிறுவனம் தொடங்கப்பட்டது. வணிகப் பெயர் நாளடைவில் பொருட்பெயராயிற்று.

துளையைத் தோண்டுவதற்காகப் பிறந்த பொருளன்று அது. எனினும் இன்று துளையைச் செம்மை செய்யும் ரீமர்களில் உயர்ந்தவை அதனாலேயே ஆகின்றன. எங்கள் திற்பரப்பு வட்டாரத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் உருளையை எண்ணிப் பாருங்கள். அதன் அச்சு அமரும் புஷ்ஷின் துளை இறுகினால் உருளை சுழலாது, தளர்ந்தால் ஆடும். டிரில் இட்ட துளை சொரசொரப்பானது, அளவிலும் பிசகக்கூடியது. அதில் எஞ்சிய சிறு பகுதியைச் சுரண்டிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவதே ரீமரின் வேலை. 10 மில்லிமீட்டர்த் துளைக்கு வழக்கமாகக் குறிக்கப்படும் ஒரு தரத்தில், அனுமதிக்கப்படும் மிகை 0.015 மில்லிமீட்டர் மட்டுமே. தலைமயிரின் தடிமனில் அது ஒரு சிறு பகுதி.

‘வைரம்போல்’ ஒன்று தோன்றுவதற்கு முன்பு, வைரமே துளையிட்ட காலம் நமக்குண்டு. பதிற்றுப்பத்து அணிகலன்களுக்காகப் போற்றும் கொடுமணம், நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் என்பது ஆய்வாளர் கருத்து. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு நடத்திய அகழாய்வுகளில், சூதுபவளம், பளிங்கு முதலிய கல்மணிகள் முடிந்தும் முடியாமலும் கிடைத்தன. இவை எஃகுக்கு எளிதில் இணங்காத கற்கள். காம்பே எனப்பட்ட குஜராத்தின் கம்பாத்தில், கம்பியின் நுனியில் இரு வைரச் சில்லுகளைப் பதித்துத் துளையிடும் மரபு நம் காலம்வரை தொடர்ந்தது. பழைய மணிகளின் துளைக்குள் சிலிக்கோன் செலுத்தி அச்செடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்கிறார்கள். எந்த முனை அக்கல்லைக் குடைந்தது என்பதைத் துளையின் சுவரே சொல்லிவிடுகிறது. குடைந்தவர் பெயரை மட்டும் அது சொல்வதில்லை.

ஒவ்வொரு கூர்மையும் எங்கோ ஒரு நிலத்தினின்று பெறப்பட்டதுதான். டங்ஸ்டன் உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவுடையது. ஆகவே பிற நாடுகள் தத்தம் மலைகளைத் தேடுகின்றன. 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிவாயிற்று. அந்த எல்லைக்குள் அரிட்டாபட்டியும் அடங்கியிருந்தது. தமிழிக் கல்வெட்டும் சமணர் குகையும் குடைவரைச் சிவன் கோயிலும் உள்ள ஊர் அது. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மேலூர் வட்டார மக்கள் திரண்டு எதிர்த்தனர். சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அம்மக்கள் கருவிகளுக்கு எதிரானவர்கள் அல்லர். உழவுக்கும் கிணற்று மோட்டாருக்கும் துல்லியமான துளைகள் வேண்டும் என அறிந்தவர்களே. அங்கு எழுந்தது கருவி வேண்டுமா என்னும் கேள்வியன்று. அதற்கு எந்த மலையை விலையாகக் கொடுப்பது என்னும் கேள்வி. அதற்கு ஒரு பகுதி விடை பட்டறையிலேயே இருக்கிறது. தேய்ந்த கார்பைடு முனை குப்பையன்று. அதை மீண்டும் தூளாக்கிப் புதிய கருவி செய்ய முடியும், செய்தும் வருகிறார்கள். பழைய முனைகளைப் பொறுக்கி எடைக்குப் போடும் பட்டறைப் பையன், தான் அறியாமலேயே ஒரு மலையின் பாரத்தைச் சற்றுக் குறைக்கிறான்.