முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து நான் வேன் ஓட்டிய காலத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ராமேஸ்வரம் சவாரி நிச்சயம். நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி என்று ராத்திரி முழுக்க ஓட்டி, விடியும்போது பாம்பன் பாலம் ஏறுவோம். தீர்த்தமாடி சாமி கும்பிட்டதும் பெரியவர்கள் தனுஷ்கோடி பார்க்கணும் என்பார்கள். என் வண்டி முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். தார் அங்கேயே முடிந்தது.

தனுஷ்கோடிக்கு ஒரு காலத்தில் ரயிலே போய்க்கொண்டிருந்தது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் போட் மெயில் தனுஷ்கோடித் துறை வரை போனது. இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அத்தனையையும் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை ஆட்களோடு அலை வாரிக்கொண்டது. பிறகு தண்டவாளம் போடவே இல்லை. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தும், மீனவக் குடும்பங்கள் மணலில் குடிசை போட்டு இருந்தன. 1988இல் பாம்பனில் சாலைப் பாலம் வந்து வெளியூர் வண்டிகள் தீவுக்குள் புகுந்த பிறகும் சத்திரத்துக்கு அப்பாலான கடைசித் துண்டு மணலாகவே கிடந்தது.

அந்த மணலில் கூட்டிப்போக சத்திரத்தில் உள்ளூர் வேன்களும் ஜீப்புகளும் நிற்கும். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டிகள். அடித்தகடெல்லாம் உப்பு அரித்திருக்கும். நான் எப்போதும் முன் சீட்டைப் பிடித்துக்கொள்வேன். ஒரு டிரைவர் தம்பி கிளம்பும் முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, வால்வில் நகத்தை வைத்துக் காற்றை இறக்கினார். டயர் பக்கவாட்டில் பிதுங்கி மணலில் அகலமாகப் படிந்தது. அகலம் கூடினால் பாரம் பரவும், சக்கரம் புதையாது.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கையும் கியரையும் நம்பியே ஓட்டியவன் நான். இங்கே பிரேக்கை மிதித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து வண்டி உட்கார்ந்துவிடும். அவர் இரண்டாவது கியரிலேயே ஒரே சீராக ஓட்டினார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கவில்லை. முன்சக்கரம் தடத்தைத் தேட விட்டுவிட்டார். பார்வை மட்டும் மணலின் நிறத்தில் இருந்தது. கறுத்து ஈரமாக இருந்தால் கெட்டி. வெளுத்திருந்தால் இழுக்கும். வடக்கே, பெண்கடல் என்று அவர்கள் சொல்லும் அமைதியான கடல் பக்கம், மேலே காய்ந்து ஏடு கட்டியிருக்கும், அடியில் சேறு. அதில் இறங்கினால் தள்ளித்தான் எடுக்கணும். தெற்கே, ஆண்கடல் என்று சொல்லும் அலையடிக்கிற கடல் பக்கம், அலை நனைத்த மணல் தாங்கும், ஆனால் அலை ஏறும் நேரம் தெரிந்திருக்க வேண்டும்.

“நேத்து போன தடம் இன்னிக்கு இருக்காதுண்ணே” என்றார். காற்று அழித்துவிடும். அவர்கள் தினமும் புதிதாக வழி கண்டுபிடித்தார்கள். சாலைப் பொறியியல் என்று நாம் மதிக்கிற எதற்கும் குறையாத அறிவு அது என்பேன். யாரும் எழுதி வைக்காததில் எனக்கு வருத்தம் உண்டு.

2017 ஜூலை 27இல் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறந்தார்கள். இப்போது சேலத்துக் கார் நேராக முனைக்கே போகிறது. காற்று வீசுகிற நாளில் தாரின் மேல் மணல் ஏறிக் கிடக்கும். அந்த இடத்தில் திடீரென்று பிரேக் போடாதே, ஸ்டியரிங்கை வெட்டாதே என்று புதிதாக வண்டி எடுக்கும் பையன்களிடம் சொல்லி அனுப்புகிறேன். அந்தத் தம்பியிடம் கற்றதுதான்.