கேட்லாக் டீச்சர்



போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய மாணவன் கேட்டிருந்தான்: "டீச்சர், நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப ஒரு கலர் புத்தகத்த எடுத்துக்கிட்டு வீடு வீடா வருவீங்களே, அது என்ன கம்பெனி?" நான் பதில் எழுதுவதற்குள் இன்னொருத்தி, "நாங்க உங்களுக்கு கேட்லாக் டீச்சர்னு பேரே வச்சிருந்தோம், கோவிச்சுக்காதீங்க டீச்சர்" என்று போட்டுவிட்டாள். கோபமெல்லாம் இல்லை அம்மா. அந்தப் பெயர் எனக்கு அப்போதே தெரியும். வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் வராந்தாவில் நிற்கிற டீச்சருக்கு எல்லாம் காதில் விழும்.

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தப் புத்தகம் எங்கிருந்து கிளம்பி நெய்வேலி வரை வந்தது என்பதைச் சொல்கிறேன். பாதி நான் ஓய்வுபெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டது, மீதி பட்டுத் தெரிந்துகொண்டது. பதிவு நீளம்தான். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நம் டவுன்ஷிப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1956-ல் நிறுவனம், 1957-ல் சுரங்க வேலை, 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது, அடுத்த வருடம் மின்சாரம். நான்காம் வகுப்பில் உங்களை ஒப்பிக்க வைத்ததுதான். ஆனால் வீட்டு வாசலில் பொருள் விற்கிறவர்களின் கண்ணால் இந்த ஊரை யாரும் பார்த்ததில்லை. ஒரே மாதிரி வீடுகள், வரிசையாக. எல்லாருக்கும் ஒரே நாளில் சம்பளம். தெருவுக்கு இருபது வீடு என்றால் இருபது வீட்டிலும் அன்றைக்குக் காசு இருக்கும். நம் மாநிலத்தில் வேறெந்த ஊரில் இப்படி?

அதனால் எல்லாரும் வந்தார்கள். நிலம் சுரங்கத்துக்குப் போன கிராமங்களின் பெண்கள் கீரையும் முந்திரியும் பலாச்சுளையும் தலையில் சுமந்து வந்தார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வந்தார். சேலை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தவணைக்காரர் வந்தார். அவர் கையில் வீட்டுக்கு ஒரு அட்டை இருக்கும், மாதாமாதம் அதில் பேனாவால் ஒரு கோடு. இவர்களுக்கெல்லாம் ஷிப்ட் மனப்பாடம். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிற வீட்டில் மணியடித்தால் அந்த வீட்டை அதோடு மறந்துவிட வேண்டியதுதான். கேட்டைத் திறக்காமல் மெல்ல "அம்மா" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். வீட்டில் யார் எந்த ஷிப்ட் என்று அந்தந்த வீட்டுப் பிள்ளைகளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இவர்களோடு இன்னொரு வகையும் உண்டு. எல்.ஐ.சி. ஏஜெண்ட் (எல்.ஐ.சி.யும் நம் நிறுவனமும் ஒரே வருடம், 1956, பிறந்தவை). பிறகு போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. அட்டையோடு வரும் அக்கா. 1972-ல் மத்திய அரசு பெண்களுக்கென்றே கொண்டுவந்த சிறுசேமிப்பு முகவர் திட்டம் அது. கட்டுகிற பணத்தில் நூற்றுக்கு நான்கு ரூபாய் கமிஷன். இந்த ஊரில் ஒரு குடும்பப் பெண் பையை மாட்டிக்கொண்டு வாசல் வாசலாக ஏறியிறங்கினால் அது கௌரவக் குறைச்சல் இல்லை என்று முதலில் காட்டியவர்கள் அந்த அக்காக்கள்தான். எனக்குப் பாதை போட்டதும் அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

இனி அந்தக் கலர் புத்தகத்துக்கு வருகிறேன்.

பொருளின் பட்டியலை அச்சடித்து வீட்டுக்கு அனுப்பி விற்பதை அமெரிக்காவில் 1872-ல் மான்ட்கோமரி வார்டு என்பவர் ஒரே ஒரு தாளை வைத்துத் தொடங்கினார். அது தபால் வழி. தபால்காரருக்குப் பதிலாகத் தெரிந்த பெண் ஒருத்தி வாசலுக்கு வருவது வேறு கதை. அதைத் தொடங்கியவர் டேவிட் மெக்கானல். வீடு வீடாகப் புத்தகம் விற்றவர். வாங்க வைப்பதற்காகச் சின்னப் புட்டியில் வாசனைத் திரவியம் இலவசமாகக் கொடுத்தார். புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புட்டியைத்தான் பெண்கள் கேட்டார்கள். (புத்தகம் விற்கிறவர்களின் கதி எந்தக் காலத்திலும் இதுதான்.) 1886-ல் வாசனைத் திரவியக் கம்பெனியையே ஆரம்பித்துவிட்டார். அதுதான் பின்னாளில் ஏவான். அவருக்கு முதலில் விற்றுக்கொடுத்தவர் ஆல்பி என்ற நடுத்தர வயது அம்மாள். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1920-ல். அதற்கு முப்பத்து நான்கு வருடம் முன்பே ஒரு பெண் கையில் பையோடு சம்பாதிக்கக் கிளம்பியிருக்கிறாள்.

ஆண்களும் இதைச் செய்தார்கள். ஆல்பிரட் புல்லர் என்பவர் 1906-ல் தூரிகை, துடைப்பம் விற்கும் கம்பெனி தொடங்கினார். அவரிடம் வேலை பார்த்த ஹாரி குரூக் என்ற ஆங்கிலேயர் ஊர் திரும்பி, 1923-ல் பிரிஸ்டல் நகரத்தில் கிளீனீஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். பிற்காலத்தில் அவர்கள் ஒரு புது வழி பிடித்தார்கள். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் பிளாஸ்டிக் உறைக்குள் வீட்டுச் சாமான் கேட்லாக் ஒன்றைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துப் போய் ஆர்டர் சீட்டோடு அதைத் திரும்ப எடுக்க வேண்டும். எடுத்ததை அடுத்த தெருவில் போட வேண்டும். ஆர்டர் வந்தால் பொருளையும் நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மழையில் நனைந்த கேட்லாக், நாய் கடித்த கேட்லாக், திரும்பக் கிடைக்காத கேட்லாக் எல்லாம் போட்டவர் கணக்கில். சம்பளம் கிடையாது, விற்றால் ஒரு பங்கு. பள்ளிக்கூடத்து ஆயாவும், ஓய்வூதியம் போதாத பெரியவரும், கைக்குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் தாயும் செய்யக்கூடிய வேலை. அந்தக் கம்பெனி 2018-ல் மூழ்கியது.

எல்லாரையும்விட எனக்குப் பிடித்தவர் பிரௌனி வைஸ். டப்பர்வேர் டப்பாக்கள் கடையில் தூங்கிக்கொண்டிருந்தன. மூடியை எப்படி அழுத்திக் காற்றை வெளியேற்றுவது என்று யாருக்கும் புரியவில்லை. இந்த அம்மாள் அக்கம்பக்கத்துப் பெண்களை ஒரு வீட்டில் கூட்டி, டீ கொடுத்து, மூடிக் காட்டி விற்றார். 1951-ல் கம்பெனி கடைகளிலிருந்தே சரக்கை எடுத்துவிட்டது. இனி வீட்டுக் கூட்டம் மட்டும்தான் என்றது. 1954-ல் பிசினஸ் வீக் பத்திரிகையின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1958-ல் ஒரு வருடச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கம்பெனியில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை.

நம் நாட்டில் 1982-ல் யூரேகா போர்ப்ஸ் டை கட்டிய இளைஞர்களைத் தூசு உறிஞ்சும் மெஷினோடு அனுப்பியது. டவுன்ஷிப்புக்கும் வந்தார்கள். நம் வீட்டுப் பாயிலிருந்தே மண்ணை எடுத்துக் காட்டி மானத்தை வாங்கிவிடுவார்கள். 1991-க்குப் பிறகு கதவு அகலத் திறந்தது. 1995-ல் ஓரிப்ளேம், 1996-ல் டப்பர்வேர், ஏவான், மோடிகேர், 1998-ல் ஆம்வே. இவை கேட்டது டை கட்டிய இளைஞர்களை அல்ல, தெருவில் எல்லாருக்கும் தெரிந்த பெண்களை.

எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த பெண் நான்தான்.

1999. நாத்தனார் கல்யாணக் கடன் பிடித்தம் போக வீட்டுக்காரர் சம்பளத்தில் மளிகைக்குத்தான் மிஞ்சும். (நாத்தனாரும் இதைப் படிக்கிறாள், சிரித்துக்கொள்ளட்டும்.) எனக்கு ஒரு தனியார் பள்ளியில் இரண்டாயிரத்துக்கும் கீழே சம்பளம். புதுச்சேரியிலிருந்து ஒரு அம்மாள் வந்து, பணம் கட்டிச் சேர்ந்தால் பை, புத்தகம், மாதிரிப் புட்டி எல்லாம் தருவோம் என்றார். "உங்களுக்கு என்ன டீச்சர், ஐம்பது வீட்டுக் கதவு தானா திறக்குமே" என்றார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

கணக்கு டீச்சர் ஆயிற்றே, நோட்டுப் போட்டேன். ஆயிரம் ரூபாய்க்கு ஆர்டர் எடுத்தால் இருநூறு எனக்கு. ஆனால் மாதாமாதம் கேட்லாக்கை நான் காசு கொடுத்து வாங்க வேண்டும். பத்துப் புத்தகம் வாங்கினால் நான்கு வீட்டில் குழந்தைகள் கத்தரித்துவிடும். பார்சல் கூலி, புதுச்சேரிக்கு பஸ். மாதத்துக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச ஆர்டர் வேறு. அது எட்டாவிட்டால் என் கைக்காசைப் போட்டு நானே வாங்கி நிரப்ப வேண்டும். அலமாரியில் ஷாம்பு நின்றது. தலைக்கு அரப்பும் சீயக்காயும் தேய்த்துக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. எல்லாம் போக நல்ல மாதத்தில் எழுநூறு, சாதாரண மாதத்தில் முந்நூறு. அந்த முந்நூறு எங்கள் வீட்டில் பால் கணக்கு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் எங்கள் பால் அந்தப் புத்தகத்திலிருந்துதான் வந்தது.

விற்பதைவிட ஆள் சேர்த்தால் லாபம் என்பார்கள். நீ ஐந்து பேரைச் சேர், அவர்கள் ஆளுக்கு ஐந்து. நான் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். ஐந்து, இருபத்தைந்து, நூற்று இருபத்தைந்து. எட்டாவது படியில் நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. டவுன்ஷிப்பில் பிறந்த குழந்தை வரை சேர்த்தாலும் அவ்வளவு பேருக்கு எங்கே போவது? யாரையும் சேர்க்கவில்லை.

இப்போது, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாத விஷயம்.

என் வகுப்பில் ஒரு பையன். அப்பா ஒப்பந்தத் தொழிலாளி, மந்தாரக்குப்பம் பக்கம் வீடு. ஒருநாள் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட வந்த அவன் அம்மா, என் மேஜையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினார். "நல்லா இருக்கு டீச்சர்" என்றார். நான் பழக்கதோஷத்தில், "எது வேணும், சொல்லுங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், ஒரு கிரீமைக் காட்டினார். நூற்றுச் சில்லறை ரூபாய். அவர்கள் வீட்டில் அது எத்தனை நாள் அரிசி என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, குறைந்தபட்ச ஆர்டருக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று யோசித்தேன்.

பணம் அந்தப் பையன் கையில் வந்தது. ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்குக் கீழே, பத்து ரூபாய் மடிப்பு. "அம்மா குடுக்கச் சொன்னாங்க டீச்சர்." அடுத்த வாரம் இன்னொரு பத்து. மூன்றாவது வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான்காவது வாரம் திங்கட்கிழமை மட்டும் வரவில்லை. திங்கட்கிழமைதான் அவன் பணம் கொண்டுவரும் நாள். காசு இல்லாத திங்கட்கிழமை அவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று எனக்குப் புரிய இன்னும் இரண்டு வாரம் ஆனது. தவணைக்காரருக்காவது அட்டையைக் காட்டி அடுத்த மாதம் வா என்று சொல்லலாம். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவளிடம் எந்தத் தாய் அப்படிச் சொல்வாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். கிரீம் சாமி படத்துக்குப் பக்கத்தில், உறை பிரிக்காமல் இருந்தது. "விசேஷத்துக்குப் போட்டுக்கலாம்னு வச்சிருக்கேன் டீச்சர்" என்றார் அந்த அம்மா. எனக்கு டீ கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக. மீதிப் பணம் வேண்டாம், கம்பெனியில் தள்ளுபடி வந்துவிட்டது என்று ஒரு பொய் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மறுநாள் திங்கட்கிழமை பையன் வந்தான்.

அந்த மாத ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். மாலையில் டியூஷன் ஆரம்பித்தேன். என் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் சேர்ப்பதில்லை. காரணம் கேட்ட பெற்றோர்களுக்கு நேரம் சரிப்படாது என்று சொல்லியிருப்பேன். காரணம் இதுதான்.

பிறகு சட்டங்கள் வந்தன. ஆள் சேர்க்கும் வழிக்கு 1978-லேயே ஒரு தடைச் சட்டம் இருந்தது. அதை வைத்து 2007-ல் ஆந்திர உயர்நீதிமன்றம் ஆம்வேயின் முறை தவறு என்றது. 2022-ல் அமலாக்கத்துறை அதே கம்பெனியின் 757 கோடி ரூபாய் சொத்தை முடக்கியது. 2021 டிசம்பரில் நேரடி விற்பனைக்கென்று தனி விதிகள் வந்தன. அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வீட்டுக்கு விற்கப் போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. படித்தபோது சிரிப்பு வந்தது. எனக்கு எதற்கு அடையாள அட்டை? அந்த அம்மா வீட்டுக்கு நான் விற்கவும் போகவில்லையே, அவர்தானே என் மேஜைக்கு வந்தார்.

2024-ல் டப்பர்வேர், ஏவான் இரண்டின் அமெரிக்கக் கம்பெனிகளும் திவால் மனு போட்டதாகச் செய்தி வந்தபோது என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அந்தப் பையன் பெயருக்கு நேரே, பாக்கி என்று எழுதி அடித்திருக்கிறேன்.

அவன் இந்தக் குழுவில் இருக்கிறான். கம்பெனி எதுவென்று கேட்டது அவன் இல்லை. தம்பி, நீ இதைப் படித்தால் இங்கே எழுத வேண்டாம், தனியாகக் கூப்பிடு. அம்மா எப்படி இருக்கிறார் என்று சொல்.